ஏஞ்சலம்மாளுக்குப் பிடிக்காத அம்மாக்கள்

டி.வி.யில் ஒரு வயதான அம்மா துணிமூட்டையோடு படியிறங்கினால் போதும், ஏஞ்சலம்மாள் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்குப் போய்விடுவாள். "ஏளா கூறுகெட்டவளே, வீடு உம் புருசன் கட்டுனதுதான? நீ எதுக்கு இறங்குத? அவன இறங்கச் சொல்லு!" பின்னணியில் அழும் வயலின் அந்தச் சத்தத்தில் காணாமல் போகும்.

எழுபதை நெருங்குகிறாள். நாசரேத்துப் பக்கம் பிறந்து தாராவிக்கு வாக்கப்பட்டவள். தையல் பட்டறையில் புதுச் சட்டைகளின் நூல் பிசிறு வெட்டுகிறாள். கத்தரி ஓடுவதைவிட வாய் வேகமாக ஓடும். சினிமாவில் வயசாளிகளுக்கு வேலையே கொடுப்பதில்லை என்று அவளுக்குப் பெரிய மனத்தாங்கல். இருமுகிறார்கள், ஜன்னலைப் பார்க்கிறார்கள், மகன் வரவில்லையே என்று செத்துப்போகிறார்கள். "எனக்கு இருமக்கூட நேரமில்ல" என்பாள் பட்டறைத் தோழிகளிடம்.

மகன் ஜெப்ரி நவி மும்பைப் பக்கம் நெருளில் ஃபிளாட் வாங்கியதும்தான் வம்பு வந்தது. "நீங்க போங்க மக்கா. நான் இங்கனயே இருக்கேன். ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சி வாரேன்" என்றாள். அவனும் அதே படங்களைப் பார்த்து வளர்ந்தவன்தானே, பொலபொலவென்று அழுதுவிட்டான். "அரே அம்மா, உன்ன விட்டுட்டுப் போனா இந்தக் கல்லிச் சனம் பூரா என்னயத் துப்பும்!"

மருமகள் ஷைனிக்குத் தனிச் சமையலறைமேல் கொள்ளை ஆசை. ஆனாலும் பயம். "என்னயத்தான் வில்லின்னு சொல்வாங்க அத்தை."

"சொன்னா சொல்லட்டும். நீ சாமானக் கட்டு" என்று கண்ணடித்தாள் மாமியார். மாமியாரும் மருமகளும் ஒரே கட்சியாகச் சேர்ந்து மகனைக் கிளப்புகிற படம் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை.

போன சனிக்கிழமை டெம்போ வந்தது. சந்து முழுக்கக் கிளைமாக்ஸ் பார்க்கத் திரண்டுவிட்டது. "கடைசி காலத்துல இப்பிடி ஆயிருச்சே" என்று மூக்கைச் சிந்தினாள் பக்கத்து வீட்டு முருகம்மாள். ஷைனியும் பேத்தி லிசாவும் ஏறிவிட்டார்கள். ஜெப்ரி மட்டும் ஒரு காலைத் தரையிலேயே வைத்துக்கொண்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் கண்டால் போதும், கட்டில் பீரோ எல்லாவற்றையும் இறக்கிவிடுவான்.

லிசா கையசைத்தபோது ஏஞ்சலம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அது வழிவதற்குள் மகனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். டெம்போவின் தகரத்தில் உள்ளங்கையால் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டி, டிரைவரைப் பார்த்துக் கத்தினாள்:

"சலோ பையா, சலோ!"