மூன்று சக்கரத்துக்குச் சம்மதம்

டிரைவர் திருப்பதிக்கு முதலாளிகள் நாலு பேர். கொடுத்து வைத்தவன் என்று யாராவது பொறாமைப்பட்டால், ஒரே ஒரு மாதம் அவரையே திருப்பதியின் காரை ஓட்டச் சொல்லுங்கள். திருமயம் பக்கத்துக் கிராமத்தில், ஒரு தெருவில் தலைவாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நிற்கிற வீடு அவர்களுடையது. வீட்டுக்காரப் பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் நாலு பேரும் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று ஆளுக்கொரு பக்கம் வசதியாக இருக்கிறார்கள். வீடு பொதுவில் கிடக்கிறது. பெரியவர் கடைசியாக வாங்கிய வெள்ளைக் காரும் பொதுவில் கிடக்கிறது. திருப்பதியும் பொதுவில்தான் கிடந்தான்.

நான் ஆத்மநாதன், திருமயத்தில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். இந்தக் கதையைச் சொல்லும்போது இன்னும் சீக்கிரம் வரும்.

திருப்பதியின் வேலை என்ன தெரியுமா? காரைத் துடைப்பது, ஆலங்குடித் தோப்பிலிருந்து தேங்காய் ஏற்றி வருவது, வருஷா வருஷம் முன்னோருக்குப் படைப்புப் போடப் பங்காளிகள் கூடும்போது எல்லாரையும் கோயிலுக்கு ஓட்டிப் போவது. இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் இல்லை, அவன் மேல் ஒரு கேஸ் இல்லை. லைசென்ஸைப் பிளாஸ்டிக் உறை போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பான். அவன் குடும்பம் சாப்பிடுவது அந்த அட்டையை வைத்துத்தான்.

இந்த வருஷம் படைப்பு நெருங்கிய சமயத்தில் ஒரு நாள் வியர்த்து விறுவிறுத்து வந்து ஒர்க்ஷாப் வாசலில் காரை நிறுத்தினான்.

"அண்ணே, ஆடு ஒண்ணு குறுக்க வந்துச்சு. மிதிச்சேன், கால் பாட்டுக்கு உள்ள போகுது. மறுபடி மறுபடி மிதிச்சப்புறந்தான் நின்னுச்சு. ஆடு என்னைய ஒரு பார்வ பாத்துச்சு பாருங்க!"

ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தேன். கல் மாதிரி நிற்க வேண்டிய பெடல், பாலில் ஊறிய பன்னில் கால் வைத்தாற்போலக் கொழகொழவென்று இறங்கியது. படபடவென்று அடித்தால் மேலே எழும்பி இறுகியது. அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டேன், அதற்குமேல் இறங்கவில்லை. அப்படியானால் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் தப்பித்தது, லைனில் காற்று புகுந்திருக்கிறது. பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தால் பாதிக்கும் கீழே, அதுவும் பழைய கஷாயம் போலக் கறுப்பாக. ஆயில் எங்கேயோ ஒழுகினால்தானே காற்று உள்ளே வரும்? ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பின்னால் இடது டயரின் உள்பக்கம் ஈரமாக மினுமினுத்தது.

"இந்தா இருக்குடா களவாணி. இந்தச் சக்கரத்துல வாஷர் போயிருச்சு. அத மாத்தணும், பழைய ஆயில எடுத்துட்டுப் புதுசு ஊத்தணும், நாலு சக்கரத்துலயும் ஏர் எடுக்கணும். சாயந்தரத்துக்குள்ள முடிச்சிரலாம்."

"நாலு பேருகிட்டயும் சம்மதம் கேக்கணுமேண்ணே" என்றான் திருப்பதி.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேசிப் பதிவு அனுப்பினான். சென்னையிலிருந்து மூத்தவர் ஏகாம்பரம், "மெதுவாப் போனா பிரேக் எதுக்குப்பா?" என்று கேட்டு, ரொம்ப யோசித்து, "சரி, பாத்துக்க" என்றார். கோயம்புத்தூர்க்காரர் கும்பிடு போட்டார். சிங்கப்பூர்க்காரர், பிரேக் இல்லாமல் காரை நிறுத்துவது எப்படி என்று ஒரு வீடியோ அனுப்பிவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கினார். கடைசித் தம்பி நாராயணன் வாயே திறக்கவில்லை. அவருக்குப் போன படைப்பிலிருந்து கோபம். குடும்பப் படம் எடுக்கும்போது அவர் கை கழுவப் போயிருந்தாராம், திரும்பி வருவதற்குள் எடுத்துவிட்டார்களாம். இரண்டு நாள் கழித்து ஒரு வரி வந்தது: "என் பங்கை யாரும் தொட வேண்டாம்."

இது அந்த வீட்டுக்குப் புதிதல்ல. முன்பு ஒரு தடவை இவர் இப்படிச் சொன்னதால்தான் வீட்டில் முக்கால்வாசிக்கு வெள்ளையடித்து, இவர் பங்கை மட்டும் பாசியோடு விட்டார்கள். பார்க்கிறவன் சிரிப்பானே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஏகாம்பரம் என்னையே போனில் கூப்பிட்டார். நியாயஸ்தர் குரல். "தம்பி, அவன் பங்குல கைவச்சா நாளைக்கு வம்பு. மூத்தவன், எனக்கு முன்னால வலது சக்கரம். அடுத்தவனுக்கு முன்னால இடது. மூணாவதுக்குப் பின்னால வலது. அந்த மூணுக்கும் வேலையப் பாத்திருங்க."

எனக்கு வந்ததே கோபம்! "மூணு சக்கரத்துக்கு வேலை பாக்க இதென்ன ஆட்டோவாங்கய்யா? ஒழுகுறதே அந்தச் சின்னய்யா சக்கரந்தான். நாலுக்கும் ஒரே டப்பாலேருந்துதான் ஆயில் போகுது. அதுக்குப் பங்கு பாகம் தெரியுமா?"

"ஒங்களுக்கு எங்க குடும்ப வழக்கம் புரியாது" என்று போனை வைத்துவிட்டார்.

"டேய், சொல்லாமச் செஞ்சு விட்டுர்றேன். எவன் சக்கரத்தக் கழத்திப் பாக்கப் போறான்?" என்றேன் திருப்பதியிடம்.

கையெடுத்துக் கும்பிட்டான். "வேணாம்ண்ணே. தென்ன மட்டை விழுந்து சின்னய்யா பங்குல ஓடு ஒடைஞ்சப்ப கேக்காம மாத்திட்டேன்னு படைப்புச் சோத்தத் தொடாமப் போயிட்டாக. அந்தப் பாவம் இன்னைக்கு வரைக்கும் என் தலையிலதான் இருக்கு." அவன் பயத்தைப் பார்த்து எனக்குப் பரிதாபமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. எந்தச் சக்கரத்தையும் தொடாமல், காரைக் கயிறு கட்டி இழுத்துப் போய் வீட்டு ஷெட்டில் விட்டோம்.

படைப்பன்று காலையில் என்னையும் வரச் சொல்லியிருந்தான், பெரியவர்களிடம் எடுத்துச் சொல்வதற்காம். போனேன். நாலு பேரும் பட்டு வேட்டியில் ஷெட்டருகே நின்றார்கள். ஏகாம்பரத்தின் மனைவி மீனாக்ஷி ஆச்சி பூத்தட்டோடு காரில் ஏறப் போனார். திருப்பதி கதவைத் திறக்கவில்லை.

"ஆச்சி, ஏறாதீக. பிரேக் புடிக்கல. நான் எடுக்க மாட்டேன்."

அவன் குரல் நடுங்கியது. அவனிடமிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

"மெதுவா ஓட்டுன்னு சொன்னேனேப்பா" என்றார் ஏகாம்பரம்.

"மெதுவாப் போயி ஒரு புள்ள மேல ஏத்துனாலும் புள்ள போனது போனதுதாங்கய்யா. ஜெயிலுக்குப் போறது நானு. லைசென்ஸ் போச்சுன்னா எம் பொண்டாட்டி புள்ளைகளுக்கு யாரு கஞ்சி ஊத்துவா?"

நான் டயரைக் காட்டினேன், ஒழுகலைக் காட்டினேன். ஒருத்தராவது குனிந்து பார்க்க வேண்டுமே! நாராயணன் மட்டும் வானத்தைப் பார்த்தபடி, "டிரைவருக்கு வாய் நீண்டுபோச்சு" என்றார். கோயம்புத்தூர் ஆமாம் என்றார். சிங்கப்பூர், வேறு ஆள் பார்க்கலாம் என்றார். மூத்தவர், "இன்னையோட நின்னுக்க" என்றார். வெள்ளையடிக்கக் கூடி வராத சம்மதம், பிரேக்குக்குக் கூடி வராத சம்மதம், ஒருத்தன் பிழைப்பில் மண்ணைப் போட மட்டும் கண் மூடித் திறப்பதற்குள் கூடிவிட்டது. போன வருஷக் கோபம்கூடத் தீர்ந்து, அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசிக்கொண்டார்கள்.

"கொண்டா சாவிய. நான் ஓட்டாத வண்டியா?" என்று ஏகாம்பரம் ஏறி உட்கார்ந்தார். ஷெட்டிலிருந்து வெளிவாசலுக்குக் கொஞ்சம் சரிவு. வண்டி உருண்டது. அவர் கால் மிதிப்பது தெரிந்தது, மறுபடி மிதிப்பதும் தெரிந்தது, வண்டி பாட்டுக்குப் போய்ச் சமையலுக்கு இறக்கியிருந்த விறகுக் குவியலில் முட்டி நின்றது. மீனாக்ஷி ஆச்சி "முருகா!" என்று பூத்தட்டைப் போட்டுவிட்டார். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஏகாம்பரம் இறங்கினார். முகம் வெளுத்து, வேட்டி நனைந்தாற்போல வியர்த்திருந்தது. "புதுக்கோட்டைக்குப் போன் பண்ணி ரெண்டு டாக்ஸி வரச் சொல்லுங்கப்பா. இதுல மனுசன் ஏறுவானா?" என்றார். அதற்கும் நாலு பேருக்கும் சம்மதம். அடுத்து, பழக்கதோஷம், திரும்பிச் சொன்னார்: "திருப்பதி, போறதுக்கு முன்ன இத எடுத்து ஷெட்டுல விட்டுட்டுப் போயிரு."

திருப்பதி அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் இப்போது நடுங்கவில்லை.

"மனுசன் ஏற மாட்டான்னு நீங்கதானேங்கய்யா சொன்னீக. அப்ப என்னைய யாருன்னு நெனச்சு ஏறச் சொல்றீக?"

அவன் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தான்.