முந்நூறு செம்பருத்தியும் ஒரு லீவ் ரெஜிஸ்டரும்

1. காலை ஏழரை மணி போன்

விநாயகர் சதுர்த்தி அன்று காலை ஏழரை மணிக்கு ஆகுர்டியில் எங்கள் வீட்டு போன் அடித்தது. கொழுக்கட்டைக்கு மாவு கிளறிக்கொண்டிருந்தேன். மாவுக் கையோடு ஓடிப்போய் எடுத்தால், எதிர்முனையில் எங்கள் முதலாளி மிலிந்த் சார்.

"மேடம், எல்லாம் போச்சு. முந்நூறு தொட்டியிலயும் ஒரு மொட்டு இல்ல. அத்தனையும் வண்டித் தரையில கிடக்கு. விமான் நகர்ல என்னை நிக்க வெச்சுக் கிழிக்கிறாங்க."

அவர் பேசியது மராட்டியும் இந்தியும் கலந்த புனே பாஷை. இந்தக் குறிப்பில் எல்லார் பேச்சையும் தமிழிலேயே தருகிறேன்.

"மொட்டு வாடியிருக்கா சார், இல்ல பச்சையாவே உதிர்ந்திருக்கா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

நாலு வருடமாகத் தொட்டிச் செம்பருத்தி வளர்த்து விற்கும் கம்பெனியின் முதலாளி கேட்ட கேள்வி இது. நான் அங்கே குரோயிங் இன்சார்ஜ். மதுரையில் தாவரவியல் படித்துவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்தவள். வீட்டுக்காரருக்குக் கார் தொழிற்சாலையில் வேலை. எனக்கு லோக்கல் ரயிலில் அரை மணி நேரம் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் நசுங்கிப் போய்ச் சேரும் பாலிஹவுஸில், அதாவது பிளாஸ்டிக் கூடாரப் பண்ணையில், வேலை.

2. டைல்ஸ் கடைக்காரர் பூ வளர்த்த கதை

மிலிந்த் சார் அதற்கு முன்னால் பாத்ரூம் டைல்ஸ் விற்றவர். தொண்ணூறுகளின் கடைசியில் புனேயில் கையில் நாலு ஏக்கர் வைத்திருந்தவனெல்லாம் பாலிஹவுஸ் போட்டான். முக்கால்வாசிப் பேர் ரோஜா போட்டார்கள். எங்கள் ஆள் வெளிநாடு சுற்றப் போன இடத்தில் யாருடைய ஜன்னலிலோ தொட்டிச் செம்பருத்தியைப் பார்த்துவிட்டு, "ஆஹா, இதுதான் என் பிராடக்ட்" என்று வந்து இறங்கினார். பூவை அவர் பிராடக்ட் என்றுதான் சொல்வார். செடிக்கு "யூனிட்".

முதல் வருடம் மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கலப்பின ரகம் இறக்கினார். தட்டு அகலத்துக்குப் பூ. கண்காட்சியில் எல்லாரும் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், ஒருத்தரும் வாங்கவில்லை. இந்த ஊரில் செம்பருத்திக்கு ஜாஸ்வந்த் என்று பெயர், அது கணபதிக்கு உரியது, அது சிவப்பாக இருக்க வேண்டும். முதல் நாளே கூட்டுகிற பெண்கள் சொன்ன விஷயம். சார் அதைக் கண்டுபிடிக்க ஒரு வருடம் எடுத்துக்கொண்டார்.

அப்புறம் சிவப்புக்கு வந்தோம். கிளையிலிருந்து கட்டிங் வெட்டி, வேர்ப்பொடியில் தோய்த்து, பனிபோல் தண்ணீர் தெளிக்கும் மிஸ்ட் சேம்பர் என்ற மூடிய அறையில் வேர் விடவைத்து, தென்னை நார்த்தூள் நிரப்பிய தொட்டிக்கு மாற்றி, நுனி கிள்ளி, குட்டையாகப் படர வைத்து, வெள்ளை ஈயோடும் மாவுப்பூச்சியோடும் தினம் மல்லுக்கட்டி ஒரு தொட்டியை மொட்டுக்குக் கொண்டுவர ஆறேழு மாதம் ஆகும். செம்பருத்திப் பூவுக்கு ஆயுள் ஒரு நாள். அதனால் நாங்கள் விற்றது பூவை அல்ல, மொட்டை. மொட்டு இல்லாத தொட்டியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

3. கணபதி பேக்கேஜ்

அந்த வருடம் விமான் நகரில் ஒரு பில்டர் புது அடுக்குமாடி கட்டி முடித்திருந்தார். முந்நூறு வீட்டுக்கும் சதுர்த்தி அன்று காலை ஆளுக்கொரு சிவப்பு ஜாஸ்வந்த் தொட்டி அன்பளிப்பு. சந்தோஷமான ஆர்டர். சார் அதோடு விட்டிருக்கலாம்.

"வெறும் செடியா கொடுக்கறது? கணபதிக்கு அஞ்சு பழம் வேண்டாமா? தொட்டிக்கொரு பழக்கூடை. பேக்கேஜ், மேடம், பேக்கேஜ்!"

முந்நூறு கூடை வந்தது. பழுத்த வாழைப்பழம், ஆப்பிள், பேரிக்காய், கொய்யா, சீதாப்பழம். எல்லாவற்றையும் எங்கள் டெலிவரி வண்டியில் ஏற்றினோம். அது ஒரு பழைய ஐஸ்கிரீம் வண்டி. கதவை மூடினால் உள்ளே காற்றும் போகாது, வெளியேயும் வராது. முந்தின நாள் மாலை ஐந்து மணிக்குப் பூட்டினோம், மறுநாள் ஏழு மணிக்குப் பில்டர் வாசலில் திறந்தார்கள். பதினாலு மணி நேரம்.

தெரிந்தவர்களுக்கு இங்கேயே புரிந்திருக்கும். பழுக்கிற பழத்திலிருந்து எத்திலீன் என்று ஒரு வாயு வரும். அந்த வாயுதான் பழத்தைப் பழுக்க வைக்கிறது. அதே வாயு பட்டால் செம்பருத்தி மொட்டு காம்போடு கழன்று விழும். கல்லூரிப் பரீட்சையில் எனக்கு வந்த பத்து மார்க் கேள்வி அது. எழுதி ஒன்பது வாங்கினேன். அவ்வளவு தெரிந்தவள், அன்று மாலை கூடையை ஒவ்வொன்றாக எண்ணி ஏற்றி, டிஸ்பாட்ச் சீட்டில் கையெழுத்தும் போட்டேன். ஐந்து நாற்பது லோக்கலைப் பிடிக்க வேண்டும், தேங்காய் வாங்க வேண்டும் என்பதுதான் என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. சாரை நான் கிண்டல் செய்கிறேன் என்றால், எனக்கும் அதில் ஒரு பங்கு வைத்துவிட்டுத்தான் செய்கிறேன்.

4. குருஜியின் ரிப்போர்ட்

பண்டிகையாவது ஒன்றாவது என்று பாலிஹவுஸுக்கு ஓடினேன். பதினோரு மணிக்கு வண்டி திரும்பி வந்தது. கதவைத் திறந்ததும் வாழைப்பழ வாசனை முகத்தில் அடித்தது. ஐயோ என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். காரணம் அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

சாரிடம் சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

"கணபதி பிரசாதம் ஜாஸ்வந்துக்கு ஆகாதா? என்ன பேச்சு பேசறீங்க மேடம்? நான் குருஜிகிட்ட கேட்டுட்டேன்."

குருஜி என்பவர் பாலிஹவுஸுக்கு வாசல் எந்தத் திசையில் வைப்பது என்று சொன்னவர். அவர் பேச்சைக் கேட்டு வாசல் வைத்ததில் மேற்குக் காற்று நேரே உள்ளே வந்து, முதல் மழைக்காலத்திலேயே பிளாஸ்டிக் ஷீட் கிழிந்தது. அவர் போனிலேயே கண்டுபிடித்துவிட்டாராம்: தீட்டு. விலக்கான பெண் யாரோ தொட்டிருக்கிறாள்.

சார் லீவ் ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு நாள் முந்தி, என் கையெழுத்திலேயே இருந்தது: 'மங்கல், அரை நாள், காரணம்: வயிற்று வலி.'

"வயித்து வலின்னா என்னன்னு எனக்குத் தெரியாதா மேடம்? நானும் கல்யாணம் ஆனவன்தான்."

மங்கல் மௌஷி கட்டிங் பிரிவில் இருந்தவர். மௌஷி என்றால் சித்தி. வயதில் மூத்தவர் என்பதால் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் போட்ட கட்டிங் நூறில் தொண்ணூறு வேர் விடும், நான் போட்டால் எழுபது. வண்டியில் தொட்டி ஏற்றியவர்களில் அவரும் ஒருவர். அன்று மத்தியானமே சார் அவரை நிறுத்திவிட்டார். நாலு வருடமாகத் தனியாளாக அந்த ஒரு சம்பளத்தில் வீடு நடத்திக்கொண்டிருந்தவர்.

அதோடு முடியவில்லை. பில்டர் ஆபீஸிலிருந்து ஒரு அட்மின் மேடம் பேசினார். ஒரு வாரத்துக்குள் என்ன தப்பு நடந்தது என்று எழுத்தில் வேண்டும், இல்லாவிட்டால் தசரா ஆர்டர் கிடையாது.

சார் என்னிடம் காகிதத்தை நீட்டினார். "தொழிலாளி கையாண்டதில் தவறு, சம்பந்தப்பட்டவர் நீக்கப்பட்டார். இவ்வளவுதான். கையெழுத்துப் போடுங்க."

"என்ன தவறுன்னு கேட்டா, சார்?"

"அது உள் விஷயம்."

"உள் விஷயத்தை எழுதுங்க சார். தீட்டு பட்டு மொட்டு உதிர்ந்ததுன்னு இங்கிலீஷ்ல எழுதுங்க. உங்க லெட்டர்ஹெட்லயே போடுவோம். கீழ 'சயின்டிஃபிக் குரோயர்ஸ்'னு அச்சடிச்சிருக்கீங்கல்ல, எடுப்பா இருக்கும்."

அவர் போய்விட்டார். காகிதத்தை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

5. மௌஷி சொன்னது

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த மௌஷி வீட்டுக்குப் போனேன். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"மௌஷி, அன்னைக்கு வயித்து வலின்னீங்களே?"

"ஸ்டேஷன் வடா பாவ். பழைய எண்ணெய். மூணு தடவை போனேன். அதையும் ரெஜிஸ்டர்ல ஏத்தணுமா?"

"அப்போ அட்சண் இல்லையா?" இந்த ஊரில் பெண்கள் மாதவிலக்கை அப்படித்தான் சொல்வார்கள், இடைஞ்சல் என்று அர்த்தம்.

மௌஷி சிரித்த சிரிப்பில் பட்டாணி சிதறியது. "அது நின்னு மூணு வருஷம் ஆச்சு மேடம்!"

எனக்கு அப்பாடா என்றிருந்தது. "போதும் மௌஷி. வாங்க, சார்கிட்ட இதை மட்டும் சொல்லிடலாம். இன்னைக்கே வேலைக்கு வந்துடலாம்."

அவர் சிரிப்பு நின்றது. "சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"எனக்கு நின்னு போச்சுன்னு சொன்னா, அடுத்து சுனந்தாவைப் பிடிப்பான். அவளுக்கு இன்னும் நிக்கல. பதினோரு பொம்பளைங்க இருக்கோம். மாசா மாசம் எவளாவது ஒருத்தி இருப்பா. ஒவ்வொருத்தியும் போய் அவன் முன்னாடி கணக்கு ஒப்பிக்கணுமா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. படித்தவள் நான். ஒரே ஒருத்தியைத் தப்பிக்க வைக்கும் வழிதான் எனக்குத் தோன்றியது. அவர் உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். அதைக் குடித்து முடிப்பதற்குள் என்ன செய்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

6. இரண்டு சேம்பர்

சாரிடம் பணிவாகப் போனேன். அவ்வளவு பணிவைப் பார்த்தே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"சார், குருஜி சொன்னதை நிரூபிச்சுட்டா நான் கையெழுத்துப் போட்டுடறேன். அதே பேட்ச்ல இருபது தொட்டி மிச்சம் இருக்கு. மிஸ்ட் சேம்பர் ரெண்டு காலியா இருக்கு. ஒண்ணுல மங்கல் மௌஷி பத்துத் தொட்டி வைக்கட்டும். இன்னொண்ணுல நீங்களே சுத்தபத்தமா பத்துத் தொட்டி வைங்க, பழக்கூடையோட. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மூடி, காலைல ஏழு மணிக்குத் திறப்போம். மௌஷி தொட்டது உதிர்ந்தா, கையெழுத்தோட என் ராஜினாமாவும் சேர்த்துத் தர்றேன்."

ராஜினாமா என்றதும் சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அன்று இரவு வீட்டுக்காரர், "வேலையை வெச்சுப் பந்தயம் கட்டுற ஆளை இப்பத்தேன் பாக்குறேன்" என்றார். எனக்கும் பயம்தான். செடி என் பேச்சைக் கேட்டு நடக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? பாடப் புத்தகத்தில் படித்திருந்தேனே தவிர, நானே செய்து பார்த்ததில்லை.

பந்தயத்தன்று சாயங்காலம் நடந்ததைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். சார் தலைக்குக் குளித்துப் பட்டு வேட்டியில் வந்தார். குருஜி மந்திரம் சொல்லச் சொல்ல, பத்துத் தொட்டியைத் தன் கையாலேயே சுமந்து சேம்பருக்குள் வைத்தார். வாழ்க்கையில் அவர் தொட்டி தூக்கியது அன்றுதான்; மூன்றாவதிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நடுவில் நிறையப் பழக்கூடை. இன்னொரு பக்கம் மௌஷி வந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பத்துத் தொட்டியை ஐந்து நிமிடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு சேம்பரையும் மூடிப் பூட்டினோம். சாவி குருஜியிடமே இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு எல்லாரும் ஆஜர். மௌஷியோடு சேர்த்துப் பெண்கள் பதினோரு பேரும் தொட்டி கழுவுவது போல் பக்கத்திலேயே நின்றார்கள்.

முதலில் மௌஷியின் சேம்பர். பத்துத் தொட்டியிலும் மொட்டு அப்படியே இருந்தது. நாலு பூ விரிந்திருந்தது, நல்ல சிவப்பு.

அடுத்தது சாருடையது. பழ வாசனையோடு கதவு திறந்தது. பத்துச் செடியும் இலையோடு நின்றன. மொட்டு முழுக்கத் தரையில் கிடந்தது. சார் குனிந்து ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குருஜி சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, செருப்பை எங்கே விட்டோம் என்று தேட ஆரம்பித்தார்.

முதலில் பேசியது மௌஷிதான். சாருக்குக் கேட்கிற மாதிரி, ரொம்ப இரக்கமான குரலில்:

"சாகேபைத் திட்டாதீங்க மேடம், பாவம். அவருக்கு இன்னைக்கு அட்சண் போல இருக்கு. நாலு நாள் எதையும் தொடாம வீட்டுல உக்காரட்டும்."

சுனந்தா கையிலிருந்த தொட்டியைக் கீழே போட்டாள். அப்புறம் பதினோரு பேரும் சிரித்த சிரிப்பில் பாலிஹவுஸ் ஷீட்டெல்லாம் அதிர்ந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பில் மட்டும் வந்ததல்ல.

7. கடைசிக் காரணம்

மௌஷி அன்றே வேலைக்குத் திரும்பினார். ரிப்போர்ட்டில் எத்திலீன் என்று எழுதினேன், கூடையை ஏற்றியதில் என் தவறும் உண்டு என்று எழுதினேன். தசரா ஆர்டர் வந்தது. வண்டிக் கதவில் 'பழம் ஏற்றக் கூடாது' என்று சார் மூன்று மொழியில் பலகை மாட்டினார். சில மாதம் கழித்து ஒரு விவசாயிகள் கூட்டத்தில், 'என் எத்திலீன் சோதனை' என்ற தலைப்பில் பேசிக் கைதட்டும் வாங்கினார். பட்டு வேட்டியைப் பற்றி அதில் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பழத்தையும் செம்பருத்தியையும் ஒரே வண்டியில் ஏற்றாதீர்கள். அதை எந்தப் புத்தகமும் சொல்லும். லீவ் ரெஜிஸ்டரில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்குமே, அதை நிரப்பாதீர்கள். இதை எந்தப் புத்தகமும் சொல்லாது. நல்ல எண்ணத்தில் நான் எழுதிய இரண்டு வார்த்தைதான் ஒரு பெண்ணின் வேலையைப் பறித்தது. அதற்கப்புறம் அங்கே நான் இருந்த ஒன்பது வருடமும் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.

ஒரே ஒரு தடவை தவிர. சேம்பர் திறந்த அன்று மத்தியானம் சார் யார் முகத்தையும் பார்க்காமல் காரில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். நான் ரெஜிஸ்டரைத் திறந்து, அழகான கையெழுத்தில் பதிவு செய்தேன்: 'மிலிந்த், அரை நாள், காரணம்: வயிற்று வலி.'