கலைத்துப் போட்ட தேதிகள்

ஜார்ஜ் டவுனில் சுகாதார அலுவலகம் ஒன்றில் டிங்கி எனும் டெங்குக் காய்ச்சல் நோயாளிகளின் பட்டியலைக் கவனிப்பது என் வேலை. யாருக்கு, எந்த வீட்டில், என்றைக்குக் காய்ச்சல் தொடங்கியது என்று கணினியில் ஏற்றுவேன்.

அந்த மழைக்காலத்தில் ஒரு அடுக்குமாடியின் முகவரி அடிக்கடி வந்தது. அக்கா குடியிருந்த கட்டடம் அது. அவள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி.

மேலதிகாரியான டாக்டரம்மாவிடம் காட்டினேன்.

"மழைன்னா எல்லா ஜாலான்லயும், எல்லாத் தெருவுலயும் கேஸ் ஏறத்தான் செய்யும். அந்த ஃபிளாட்ல ஆளுங்களும் அதிகம் லா. உங்க அக்கா இருக்காங்கன்னு பயப்படுறீங்களோ?" என்று மலாய் கலந்த தமிழில் கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால் சோதனையை ஓட்டினேன். நோயாளிகளை இருவர் இருவராகச் சேர்த்து, வீடும் அருகில், காய்ச்சல் கண்ட நாளும் அருகில் என்று எத்தனை ஜோடி அமைகிறது என எண்ண வேண்டும். பிறகு வீடுகளை அப்படியே வைத்துவிட்டு, தேதிகளை மட்டும் சீட்டுக்கட்டைப் போலக் கலைத்துப் போட்டு மறுபடியும் எண்ண வேண்டும். மழையும் ஜன நெரிசலும்தான் காரணமென்றால், கலைத்த பிறகும் ஏறக்குறைய அத்தனை ஜோடிகள் வரும்.

வரவில்லை. கணினி ஆயிரம் முறை கலைத்தும் ஒரு தடவைகூட அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. அப்படியென்றால் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே கொசு காய்ச்சலை வீட்டுக்கு வீடு பரப்பிக்கொண்டிருக்கிறது. டாக்டரம்மாவிடம் சொல்வதற்கு முன்பே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"மூணு நாளா காய்ச்சல், தம்பி. இன்னிக்கு விட்டுருச்சு. தலைதான் சுத்துது."

"பல்லு தேய்க்கும்போது ரத்தம் வந்துச்சா?"

"காலையில வந்துச்சு."

காய்ச்சல் இறங்கும் நேரம்தான் டிங்கியில் ஆபத்தானது என்று எனக்குத் தெரியும். காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவள் வயிற்றைப் பிடித்தபடி கண்ணை மூடியிருந்தாள். சிக்னலில் நிற்கும்போதெல்லாம், "அக்கா, பேசு," என்று கத்தினேன்.

மறுநாள் டாக்டரம்மா முடிவைப் பார்த்ததும் ஆட்களை அனுப்பினார். பூட்டிக் கிடந்த வீடொன்றின் பால்கனித் தொட்டியில் கொசுப்புழு நெளிந்தது. கட்டடம் முழுக்கப் புகை அடித்தார்கள்; வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் விசாரித்தார்கள்.

அக்கா பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. ஆனால் அவளுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த லாரி ஓட்டுநர், ஆட்கள் போவதற்கு முந்தின இரவே இறந்துவிட்டார். அவருக்கும் காய்ச்சல் விட்டிருந்ததாம். சரியாகிவிட்டது என்று படுத்திருக்கிறார். நான் அக்காவைக் கூட்டிப்போக வந்தபோது அவர் வீட்டைத் தாண்டித்தான் ஓடினேன். கதவைத் தட்டவில்லை.

ஒரு மாதம் கழித்து லிஃப்டில் அவர் மனைவியைப் பார்த்தேன்.

"அக்காவுக்குத் தேவலையா, தம்பி?" என்று கேட்டார்.

"தேவலை அக்கா," என்றேன். அவர் இன்னும் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று பயந்து, வேறு மாடியில் இறங்கிக்கொண்டேன்.