மரியாதையான வெடி

"உங்க வெடி ரொம்ப மரியாதையா இருக்கு" என்று அந்த ஆள் போனில் சொன்னபோது எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வந்தது பாருங்கள் ஒரு கோபம்!

சென்னையில் குழந்தைகளுக்கு வீடியோ கேம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி. வெடி, புகை, தீப்பொறி, இதையெல்லாம் வரைய ஆள் எடுத்தார்கள். பரீட்சை இதுதான்: ஒரு பீப்பாய் வெடிக்க வேண்டும். ஒரே ஒரு நொடி, இருபத்து நாலு படம். நிஜ வெடி மாதிரி இருக்கக் கூடாது, கார்ட்டூன் வெடி. பார்க்கிற பிள்ளை பயப்படக் கூடாது, கை தட்ட வேண்டும். நாலு நாள் உட்கார்ந்து வரைந்து அனுப்பினேன். அதைத்தான் அந்தக் கம்பெனிக்காரர் மரியாதை என்றார். "வரலாமா, வரலாமானு கேட்டுக்கிட்டே வருதும்மா. சனிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் டைம் தர்றேன். இன்னொரு வாட்டி போட்டு அனுப்புங்க."

அதுவும் போனால் திங்கட்கிழமை நான் காட்டுப்பள்ளி துறைமுகத்து கேட்டில் லாரி நம்பர் எழுதுகிற வேலைக்குப் போயாக வேண்டும். அந்த வேலையை நைனாதான் கேட்டு வாங்கினார். துறைமுகம் வேண்டாம் என்று எங்கள் குப்பத்தில் முதல் ஆளாகக் கொடி பிடித்தவர் அவர். அதே துறைமுகத்துக்கு ஆள் சேர்த்துவிடுகிற ஒருவர் வீட்டு வாசலில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்று, "எம்பொண்ணு படிச்சிருக்குது சார்" என்று கேட்டிருக்கிறார். திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் மேல் இல்லை, என் மேல்தான். பொன்னேரி வரைக்கும் பஸ், அங்கிருந்து சென்னைக்கு ரயில் என்று மூணு வருஷம் அலைந்து அனிமேஷன் படித்து, கடைசியில் அவரை அந்த வாசலில் நிற்க வைத்தது நான்தானே.

வெள்ளிக்கிழமை பூரா வரைந்தேன். வரைய வரைய அழுகைதான் வந்தது. சின்ன உருண்டை, கொஞ்சம் பெரிய உருண்டை, இன்னும் பெரிய உருண்டை. அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாடி இது, பூரியா?" என்றாள். லேப்டாப்பை டப்பென்று மூடினேன்.

மறுநாள் காலையில் அம்மா விடவில்லை. "வெடியும் வேணாம், ஒண்ணும் வேணாம். தண்ணி எறங்கிக்கீது, வா" என்று ஏரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அம்மா கையாலேயே இறால் பிடிப்பவள். வலை கிடையாது, படகு கிடையாது. முட்டியளவு தண்ணீரில் குந்திக்கொண்டு, பறி என்கிற ஓலைக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைத் தடவித் தடவி நகர வேண்டும். வாயில் கயிறு இருப்பதால் பேச முடியாது. நானும் அம்மாவும் சண்டை போடாமல் இருக்கிற ஒரே இடம் அதுதான்.

தண்ணீரைக் கலக்கக் கூடாது, அவ்வளவுதான் அந்த வேலை. கலக்கினால் இறால் பின்பக்கமாகத் துள்ளிவிடும். அப்படித் துள்ளினால் அம்மாவின் கை சேறு கிளம்பிய இடத்துக்குப் போகாது. நாலு விரல் தள்ளிப் பின்னாடி, இறால் போய் விழுகிற இடத்துக்குப் போகும். ஆறு வயதிலிருந்து எனக்கும் இது பழக்கம். அன்றைக்குத் தடவிக்கொண்டிருக்கும்போதுதான் சுரீரென்று உறைத்தது: அட, என் வெடியும் இப்படித்தானே போகிறது! எதையும் கலக்காமல், அங்குலம் அங்குலமாக. அந்த மரியாதை என் கையில் இருந்த மரியாதை.

அந்த எரிச்சலில் கை கொஞ்சம் வேகமாகப் போய்விட்டது. விரலுக்கடியில் இருந்த இறால் ஒரு சுருங்கு சுருங்கியது. அடுத்த கணம் அது இல்லை. அது இருந்த இடத்தில் சேறு மட்டும், புகை மாதிரி, என் உள்ளங்கை அகலத்துக்கு, முழுசாக நின்றது. வளரவே இல்லை! வந்ததே அந்த அளவில்தான் வந்தது. அப்புறம்தான் அவசரமே இல்லாமல் ஓரம் கிழிந்து, நடுவில் ஓட்டை விழுந்து, இழை இழையாகக் கரைந்தது. நானோ இருபத்து நாலு படத்தையும் பெரிசாக்குவதிலேயே செலவழித்திருந்தேன். பெரிசாக ரெண்டு படம் போதும், மீதி பூரா கரைவதற்கு!

"ஏய், வந்துடுச்சு!" என்று கத்திவிட்டேன்.

வாயைத் திறந்தால் என்ன ஆகும்? கயிறு நழுவி, என் பறி கவிழ்ந்து, காலையிலிருந்து பிடித்த இறால் அத்தனையும் தண்ணீரில். புஸ், புஸ், புஸ் என்று என்னைச் சுற்றி எங்கே பார்த்தாலும் சேற்று வெடி. சின்னது, பெரிசு, ஒன்றின் மேல் ஒன்று. ஐயோ, பார்க்க ரெண்டு கண் போதவில்லை! நான் சிரிக்கிறேன், கை தட்டுகிறேன். அம்மாவால் கயிற்றை விட முடியாது, பல்லைக் கடித்தபடியே "ம்ம்ம்! ம்ம்ம்!" என்று திட்டினாள். பிறகு பறியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒழுங்காகவே திட்டினாள். "பேய் கீய் புட்சிக்கிச்சாடி ஒனக்கு? காலைல இருந்து பட்ட பாடெல்லாம் போச்சேடி!"

ஈரத் துணியோடு வீட்டுக்கு ஓடினேன். முதல் படத்தில் பீப்பாய் சுருங்கும். ரெண்டாவதில் பீப்பாயே கிடையாது, வெறும் வெள்ளை. மூணாவதிலேயே புகை முழு அளவில். மேலே ஆரஞ்சு, உள்ளே ஊதா, அப்புறம் கிழிசல், ஓட்டை. சோறு தண்ணி எதுவும் ஞாபகம் இல்லை.

நாலரை மணிக்கு ஓட விட்டேன். டமால்! எனக்கே தூக்கிவாரிப் போட்டது. இருந்தாலும் அனுப்பப் பயம். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டேன். கோபம் தீராத முகத்தோடு வந்து நின்றாள். பீப்பாய் வெடித்தது. அம்மாவின் கை சட்டென்று நீண்டு, ஈர விரல் திரையைத் தொட்டது. புகையின் மேல் இல்லை. நாலு விரல் பின்னாடி, ஒன்றுமே இல்லாத இடத்தில்.

"சீ, பழக்க தோஷம்" என்று கையை இழுத்துக்கொண்டாள். சிரித்தும்விட்டாள். நான் அப்படியே அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது. "இப்பதாம்மா வெடிச்சிருக்கு. அடுத்த வாரம் வந்து சேர்ந்துடுங்க." நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

நைனா தன் போனை எடுத்தார். துறைமுகத்து வேலைக்குச் சொன்ன ஆளுக்குத்தான் போட்டார். கட்டிலில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, "சார், நாளைக்கு எம்பொண்ணு வராது" என்றார். அந்தப் பக்கம் ஏன் என்று கேட்டிருப்பார்கள் போல. "அதுக்கு வேற வேலை கெடச்சிடுச்சு சார். வெடி வெக்கிற வேலை."

ஐயோ நைனா! துறைமுகத்து ஆளிடம், அதுவும் கொடி பிடித்தவர், சொல்கிற பேச்சா இது? போனைப் பிடுங்கப் பாய்ந்தேன். ஒரு கையால் என்னைத் தடுத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "ஆமா சார், வெடிதான். ஒரே செகண்டுதான் வரும். கண்ணைச் சிமிட்டாம பாக்கணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த வாசலில் போய் நின்ற நாளுக்கப்புறம் நைனா சிரித்தது அன்றைக்குத்தான்.