அப்பாவை எந்த ஊரில் எழுதுவது?

போன சனிக்கிழமை கிள்ளானில் ஒரு கல்யாண விருந்து. மண்டபத்தில் ஏர்கான் குளிர், மேடையில் ஸ்பீக்கர் அலறல், பஃபே வரிசையில் எல்லோருக்கும் முன்னால் போய் நின்றுகொள்ளும் என் மாதிரி ஆட்கள்... வழக்கமான விருந்துதான்.

எனக்கு முன்னால் புனிதா நின்றிருந்தார். என் மனைவியின் சித்தப்பா மகள். எனக்கு மச்சினி முறை. அரசாங்கப் பல் டாக்டர். யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பார். அதனால் அவர் எதிரில் நான் வாயைத் திறந்து சிரிப்பதே இல்லை.

அவர் மகளுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. பரிமாறுபவரிடம் கேட்டார்: "அண்ணே, இதுல கச்சாங் போட்டிருக்கா? கொஞ்சம் யோசிச்சு சொல்லுங்க. அவசரமில்ல."

எனக்குப் பின்னால் நின்றிருந்த ஒருவர் சட்டென்று எட்டிப் பார்த்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் பிரியாணித் தட்டு.

"அக்கா... ஸோரி லா. கோவிட் டைம்ல நீங்க ஹெல்த் ஆபீஸ்லேர்ந்து ஃபோன் பண்ணுவீங்களா?"

புனிதா திரும்பினார். "ஆமா, பண்ணியிருக்கேன். நீங்க யாரு?"

"செமினி ஃப்ளாட், அக்கா. எங்கப்பா வந்து..."

"குணாவா?" என்றார் புனிதா.

அந்த மனிதர் தட்டைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருவரும் அதற்கு முன் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. குரல் மட்டும்தான் பழக்கம். நான் கரண்டியும் கையுமாக இருவருக்கும் நடுவில் நின்றேன். வரிசை என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. விஷயம் தெரியாமல் என்னால் எப்படிச் சாப்பிட முடியும்? மூவரும் ஒரு மூலை மேசையில் உட்கார்ந்தோம்.

அதற்குமுன் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் காலத்துச் சாயங்காலங்கள் ஞாபகம் இருக்கிறதா?

டீவி முன்னால் குடும்பமே உட்கார்ந்திருக்கும். மாநிலவாரியாகப் பட்டியல் வரும். எந்த மாநிலத்தில் எத்தனை பேருக்குத் தொற்று, எங்கே எத்தனை இறப்பு... எங்கள் சிலாங்கூர் பெரும்பாலும் மேலேதான் நிற்கும். பள்ளிக்கூடத்தில் முதலிடம் வாங்காத நாங்கள் இதில் வாங்கினோம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் என் அண்ணன் ஃபோன் போட்டு, "என்னடா, உங்க பக்கம் இன்னிக்கும் ஏறிடுச்சு போல?" என்று விசாரிப்பார். அவர் பக்கம் ஏறிய நாளில் நான் விசாரிப்பேன். என் மைத்துனர் ஒரு படி மேலே போய், அன்றைய மொத்த எண்ணிக்கையை வைத்து லாட்டரி நம்பர் வாங்கலாமா என்று யோசித்தார். நல்லவேளை, நம்பர் கடைகளும் மூடியிருந்தன.

எந்த மாவட்டம் சிவப்பு, எது மஞ்சள், எங்கே இறப்பு வீதம் கூடுகிறது, எங்கே குறைகிறது... ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நிபுணர் இருந்தார். எங்கள் வீட்டில் அது நான்.

ஆனால் ஓர் எண், ஒரு மாவட்டத்தின் கணக்கில் எப்படிப் போய் உட்கார்கிறது? யார் கொண்டுபோய் உட்கார வைக்கிறார்கள்? ஒரு நாளாவது யோசித்தோமா? நான் யோசிக்கவில்லை. சனிக்கிழமை இரவுதான் தெரிந்துகொண்டேன்.

அப்போது பல் கிளினிக்குகளில் அவசர கேஸ் மட்டும்தான். நோயாளி வாயைத் திறந்தால்தானே வேலை? அந்தக் காலத்தில் வாயைத் திறப்பதுதானே ஆபத்து? அதனால் பல் டாக்டர்கள் பலரை ஃபோன் வேலைக்கு இழுத்துவிட்டார்கள். தமிழ் பேசத் தெரிந்தவர் வேண்டும் என்று சிலாங்கூரில் ஒரு மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கேட்க, புனிதா அங்கே போய் உட்கார்ந்தார். தொற்று வந்தவர்களையும் இறந்தவர்களின் குடும்பங்களையும் கூப்பிட்டு, எங்கே இருந்தார்கள், யாரோடு பழகினார்கள் என்று விசாரிக்கும் வேலை.

"முதல் தலைவலியே ஐசிதான் அத்தான்," என்றார் புனிதா.

நம் அடையாள அட்டை இருக்கிறதே, அந்த ஐசியில் இருக்கும் முகவரியோடுதான் பல பரிசோதனை முடிவுகள் வந்து சேருமாம். நம் ஆட்கள்தான் ஐசியில் முகவரி மாற்றுவதே இல்லையே. வேலை சிலாங்கூரில், வீடு சிலாங்கூரில், இருமல் சிலாங்கூரில். ஐசியில் மட்டும் பேராக், கெடா, ஜொகூர். ஏன் மாற்றவில்லை என்று கேட்டால் ஓட்டு அங்கேதான் இருக்கிறது என்பார்கள். கவுன்டரில் யார் போய் நிற்பது என்பார்கள். இரண்டுமே இல்லாமல், சும்மா மனசு வரவில்லை என்பவர்களும் உண்டு.

இப்படி ஐசியைப் பார்த்து ஊர் மாறிப் போகும் எண்ணை யாராவது ஃபோன் செய்து விசாரித்துத்தான் சரியான ஊருக்குக் கொண்டுவர வேண்டும்.

"எண்ணு தப்பான ஊர்ல உட்கார்ந்தா, டெஸ்ட் எடுக்கிற டீமும் தப்பான ஊருக்குப் போயிடும். இங்க இருக்கிறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. பக்கத்து வீட்டுல உட்கார்ந்து பேசிட்டு இருப்பாங்க."

குணாவின் அப்பா இங்கே சிலாங்கூரில் ஒரு மருத்துவமனையில் இறந்தார். ஐசியில் பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தின் முகவரி. குணாவின் ஐசியிலும் அதேதான். மறுநாள் புனிதா கூப்பிட்டுத் தன் பெயரைச் சொல்லி, வருத்தம் தெரிவித்துவிட்டுக் கேட்டார்: அப்பா எங்கே தங்கியிருந்தார்?

"பேராக்லதான் மிஸ். ரெண்டு நாளைக்கு முன்னாடிதான் இங்க வந்தாரு," என்றார் குணா.

மாநில எல்லைகளில் போலீஸ் தடுப்புப் போட்டு ஒரு வண்டியையும் விடாமல் நிறுத்தியிருந்த நேரம் அது. நோயாளிக் கிழவர் ஒருவர் எப்படி வந்தார்? பறந்தா வந்தார்?

புனிதா பேராக் பக்கத்து அலுவலகத்துக்கு ஃபோன் போட்டார். அங்கே விசாரித்துச் சொன்னார்கள். அந்தத் தோட்டம் எப்போதோ விற்கப்பட்டுவிட்டது. வீடுகளை இடித்துவிட்டுப் புதிதாகத் தாமான் குடியிருப்பு கட்டியிருக்கிறார்கள். அந்த முகவரியில் வீடே இல்லை.

இல்லாத வீட்டில் ஒரு மரணம் பதிவாகியிருந்தது. சிலாங்கூரில் ஆட்கள் நெருக்கியடித்து வாழும் செமினி ஃப்ளாட்டோ, தொற்றில்லாத இடம் என்று நல்ல பெயரோடு இருந்தது.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று நான் குணாவைக் கேட்டேன். கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

குணா லோரி ஓட்டுகிறவர். நிதானமாகப் பேசினார்.

"ரெண்டு விஷயம் அங்கிள். ஒண்ணு, பயம். ஃப்ளாட்ல எங்களாலதான் வந்துச்சுன்னு சொல்வாங்கன்னு. இன்னொண்ணு... அப்பா கடைசியா ஒண்ணுதான் கேட்டாரு. என்னை நம்ம தோட்டத்துக்குக் கொண்டு போய்டுடான்னு. அவர் செத்தப்புறம் முகத்தைக்கூட கிட்ட பார்க்க முடியல. சடங்கு ஒண்ணும் பண்ணல. அன்னிக்கு டீவில மாநிலம் மாநிலமா படிச்சாங்க. பேராக்ல ஒரு இறப்புன்னு வந்துச்சு. அது எங்கப்பாதான்னு நினைச்சேன். அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்ட மாதிரி இருந்துச்சு. அதை எப்படி நானே வேணாம்னு சொல்றது?"

அந்தப் பட்டியலை இத்தனை நாள் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு மகன் தன் அப்பாவை இப்படித் தேடியிருப்பான் என்று என் புத்தியில் உறைக்கவே இல்லை.

ஆபீஸில், பொய் சொன்னால் சட்டப்படி நடவடிக்கை எடுப்போம் என்று சொல்லிப் பார்க்கலாமே என்றார்களாம். புனிதா மறுத்துவிட்டார். மறுநாள் மறுபடியும் குணாவைக் கூப்பிட்டார். எங்கே இருந்தார் என்ற கேள்வியையே எடுக்கவில்லை.

"எங்க தொழில்ல ஒண்ணு இருக்கு அத்தான். எந்தப் பல்லு வலிக்குதுன்னு கேட்டா பாதிப் பேர் தப்பான பல்லைக் காட்டுவாங்க. பொய் இல்ல, வலி அப்படி. என்ன சாப்பிட்டா வலிக்குதுன்னு கேட்டா கரெக்டா சொல்வாங்க."

அதனால் இப்படிக் கேட்டார்: "குணா, அப்பாவுக்கு ஒரு நாள் எப்படிப் போகும்? சும்மா சொல்லுங்க. அவசரமில்ல."

அப்பா இறந்த பிறகு அவரைப் பற்றி யாரும் குணாவிடம் கேட்கவில்லை. துக்கம் விசாரிக்க ஆள் வர முடியாத காலம். கேட்டதும் கொட்டிவிட்டார். அப்பா காலையில் எழுந்ததும் லிஃப்ட்டில் கீழே இறங்குவார். கேட்டில் காவலுக்கு இருக்கும் ஜாகா அங்கிளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாலில்லாத தே ஓ குடிப்பார். பிறகு இரண்டாம் மாடி ராணி ஆன்டி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு அரட்டை. ஆன்டி தோசை கொடுப்பார். அப்பா சர்க்கரை வியாதிக்காரர், ஆனாலும் சட்னியில் சீனி போட்டுக் கேட்பார்...

சொல்லிக்கொண்டே வந்த குணா பேச்சை நிறுத்திவிட்டார். புனிதா காத்திருந்தார். லைனில் மூச்சு மட்டும் கேட்டதாம்.

"ஜாகா அங்கிள் நேத்துலேர்ந்து இருமிட்டு இருக்காரு மிஸ்," என்றார் குணா.

பிறகு குணாவே சொன்னார்:

"எழுதிக்குங்க. எங்கப்பா செமினிலதான் இருந்தாரு. ரொம்ப வருஷமா."

மறுநாள் காலையிலேயே அந்த ஃப்ளாட்டுக்கு டீம் போனது. ஜாகா அங்கிள் நின்றுகொண்டேதான் பேசினாராம். ஆனால் உடம்பில் ஆக்ஸிஜன் மோசமாக இறங்கியிருந்தது. அங்கிருந்தே ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். இன்னும் பல வீடுகளில் தொற்று இருந்தது. ஜாகா அங்கிள் பிழைத்து வந்துவிட்டார். ராணி ஆன்டி வரவில்லை.

குணா பயந்தது நடந்தது. அவங்க அப்பாவாலதான் என்று பேசினார்கள். இவர் குடும்பம் ஏறினால் லிஃப்ட்டிலிருந்து மற்றவர்கள் இறங்கிக்கொண்டார்கள். ராணி ஆன்டியின் மகன் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். குணா வீட்டை மாற்றிக்கொண்டு போகவில்லை. அதே ஃப்ளாட்டில்தான் இருக்கிறார்.

கணக்கில் நடந்தது ஒன்றுதான். பேராக்கில் ஒன்று குறைந்தது, சிலாங்கூரில் ஒன்று கூடியது. அன்றைய பட்டியலைப் பார்த்துவிட்டு நான், "ச்சே, நம்ம ஊர் திருந்தவே திருந்தாது," என்று சொல்லியிருப்பேன். கட்டாயம் சொல்லியிருப்பேன். ஊர் திருந்தாமல் இல்லை. அங்கே ஒரு லோரி டிரைவர், செத்துப்போன அப்பாவை மறுபடி ஒருமுறை தோட்டத்திலிருந்து பிரித்துக்கொண்டு வந்து, தன் அக்கம்பக்கத்தாருக்காகச் செமினியில் நிறுத்தியிருந்தார். அவரை மிரட்டாமல், அவர் வாயிலிருந்தே அதை வரவழைக்க ஒரு பல் டாக்டர் ஃபோனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

இருவர் மீதும் எனக்கு வந்திருப்பது சாதாரண மரியாதை இல்லை. இனிமேல் என் எதிரில் யாராவது, "அது சும்மா நம்பர்தானே," என்று சொன்னால் நான் சண்டைக்கே போவேன்.

விருந்து முடியும் நேரம். புனிதா மெதுவாகக் கேட்டார்: "குணா, அப்பா ஆசைப்பட்ட மாதிரி..."

"பார்டர் திறந்த அன்னிக்கே சாம்பலை எடுத்துட்டுப் போயிட்டேன் அக்கா. தோட்டத்துப் பக்கத்துல ஒரு ஆறு. அது மட்டும்தான் அப்படியே இருக்கு. அதுல கரைச்சிட்டேன்."

புனிதா அழுதார். பல்லைப் பிடுங்கும்போது மற்றவர்களைத்தான் அவர் அழவைத்துப் பார்த்திருக்கிறேன்.

குணாவே பேச்சை மாற்றினார். சிரித்துக்கொண்டு பர்ஸிலிருந்து தன் ஐசியை எடுத்துக் காட்டினார். செமினி முகவரி. புத்தம் புதிய அட்டை.

"உங்களுக்கும் தோட்டத்து அட்ரஸ்தானே இருந்துச்சு? மனசு வந்துச்சா மாத்த?" என்று கேட்டேன்.

"வரலதான் அங்கிள்," என்றார் குணா. "ஆனா நாளைக்கு எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, யாரும் என் மகளுக்கு ஃபோன் போட்டு உங்கப்பா எங்க இருந்தாருன்னு கேட்கக் கூடாது பாருங்க."

நான் கிள்ளானுக்கு வந்து பல வருஷம் ஆகிறது. என் ஐசியில் இன்னும் அம்பாங். திங்கட்கிழமை காலை கவுன்டர் திறக்கும்போது வரிசையில் முதல் ஆள் நான்தான்!