கூரைச் சூடு நின்ற காலை

மரம் ஏற்றும் லாரிகளைப் பழுதுபார்க்கும் அந்தப் பட்டறையின் கூரையில் எத்தனை வெந்நீர்ப் பலகைகள் தொங்குகின்றன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இர்மெலி சொல்வாள்: நாற்பத்தெட்டு. வடகோடிக் குளிர்தேசத்துக் கயானி நகருக்கு வெளியே, ஜனவரியில் பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பது டிகிரியைத் தொடும் இடத்தில், அந்தப் பலகைகளுக்குள் ஓடும் வெந்நீரால்தான் ஆட்கள் நின்று வேலை செய்ய முடிந்தது. வெயில் விழுவதுபோல் சூடு தலையிலும் தரையிலும் இறங்கும். இருபத்தோரு வருஷமாக அதற்குக் காவல் அவள்தான். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம்.

அந்த வாயால்தான் போன குளிர்காலத்தில் மெக்கானிக் தானெலிக்கு எச்சரிக்கைக் கடிதம் வாங்கிக் கொடுத்தாள். வெந்நீரை ஓட்டும் பம்ப்புக்கென்று இருக்கும் ப்ளக்கில் லாரி எஞ்சினைச் சூடாக்கும் கருவியைச் சொருகி ஃபியூஸைப் போக்கிவிட்டான். இன்னொரு கடிதம் வந்தால் வேலை காலி. வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள் வேறு.

அன்று பட்டறையின் மூத்த தொழிலாளி எஸ்கோவுக்கு அறுபதாவது பிறந்தநாள். ஒன்பது மணிக் காபி தள்ளிப்போனால் அந்தப் பட்டறையில் கொலையே விழும். பெரிய மின்சாரக் காபி அண்டாவைச் சமையலறை ப்ளக் தாங்காது. ஐந்து நிமிஷம்தானே! 'இங்கே எதையும் சொருகாதே' என்று தானே எழுதி ஒட்டிய தாளுக்குக் கீழே, பம்ப் ப்ளக்கில், இர்மெலியே அதைச் சொருகினாள். கொதி வந்ததும் பிடுங்கிக்கொண்டு போனாள். அந்த நொடியில் ஃபியூஸ் போய்ப் பம்ப்பும் நின்றதை அவள் கவனிக்கவில்லை.

கெட்ட நேரம், பனி மூடிய லாரி ஒன்று பாதி உள்ளே வந்ததும் பிரேக் உறைந்து நின்றுவிட்டது. பெரிய கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

"ஏ இர்மெலி, என் மொட்டைத் தலைக்கு என்ன ஆச்சு?" என்றான் எஸ்கோ. "கல்யாணத்தன்னிக்கு சர்ச்ல நின்ன மாதிரி நடுங்குது!"

பம்ப் சத்தம் கேட்கவில்லை என்பது இர்மெலிக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடினாள். ஃபியூஸைத் தூக்கிவிட்டதும் பம்ப் ஓடியது. ஆனால் கதவோர வரிசை மட்டும் சூடாகவில்லை. குழாய் வளைவில் ஐஸ் அடைத்துவிட்டது. அது வெடித்தால் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும், பட்டறையை மூடிவிட்டு எல்லாரையும் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

சூடுகாற்றை ஊதும் கருவியோடு, ஆளை மேலே தூக்கும் மேடையில் ஏறினாள். வாசல் காற்று முகத்தை அறுத்தது. கீழே தானெலி லாரிக்கடியில் படுத்துப் பிரேக்கை இளக்கிக்கொண்டிருந்தான்.

மேலாளர் ஓஸ்மோ வந்தான். "ஃபியூஸ் யாரால போச்சு? மறுபடியும் தானெலியா?"

தானெலி லாரிக்கடியிலேயே சுத்தியலைத் தட்டிக்கொண்டிருந்தான். இர்மெலி காது கேட்காதவள்போல் குழாயையே பார்த்தாள். 'சொல்லித் தொலையேண்டி' என்று மனசுக்குள் தன்னையே திட்டினாள். சொல்லவில்லை. விரல்கள் மரத்துப்போயின. எவ்வளவு நேரமோ, திடீரென்று பலகை டிக் டிக்கென்றது. உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பு! கீழே லாரியும் நகர்ந்தது, கதவு மூடியது. எஸ்கோ விசிலடித்தான்.

அவள் இறங்கும்போது ஓஸ்மோ, "தானெலி, ஆபீசுக்கு வா," என்றான். தானெலி கையைத் துடைத்துக்கொண்டு அவன் பின்னால் நடந்தான்.

"ஓஸ்மோ, நில்லு," என்றாள் இர்மெலி. "அவனை விடு. காபி அண்டாவை நான்தான் சொருகினேன்."

ஓஸ்மோ அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நீயா? சரி, அப்ப கடிதம் உனக்கு." போய்விட்டான்.

தானெலி அருகில் வந்தான். "நீ சொருகுறப்ப நான் பாத்தேன், இர்மெலி."

"அடப்பாவி! அப்புறம் ஏன் அவன்கிட்ட சொல்லல?"

"நான் சொன்னா எவன் நம்புவான்? அதுவும் போக, போன வருஷம் நீ என்னைப் பத்திச் சொன்னப்ப என் பொண்டாட்டி மூணு நாள் அழுதா. உன் வீட்லயும் யாரும் அப்படி அழ வேணாமேன்னு தோணுச்சு."

இர்மெலியின் வீட்டில் அழுவதற்கு யாருமில்லை. அதை அவள் அவனிடம் சொல்லவில்லை.