பிரேமிளாவின் கை

கண்டி ஸ்டூடியோ ஒன்றில் கலியாணப் படங்களைக் கொம்பியூட்டரில் திருத்துவது பிரேமிளாவின் வேலை. பரு, தழும்பு, புள்ளி எதைக் கண்டாலும் அவள் கை சும்மா இராது. போன மாதம் ஒரு மணப்பெண்ணின் மூக்குத்தியையும் பரு என்று அழித்துவிட்டு, பெண் வீட்டாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

முதலாளி யுகேஷுக்கு வானப் பைத்தியம். கலகெதர மலையில் குளிரில் விறைத்தபடி, நீண்ட லென்ஸால் இரவு வானத்தைத் துண்டு துண்டாகப் படம் எடுத்து வந்தான்.

"இதையெல்லாம் ஒட்டி ஒரே படமாக்கிக் குடும்மா" என்றான்.

ஒட்டிய இடமே தெரியாமல் படம் வந்தது. ஆனால் ஒரே கறுப்பு.

"நட்சத்திரம் எல்லாம் எங்க?" என்று அலறினான் யுகேஷ்.

"ஐயோ, பழக்கத்துல தொடச்சிட்டேன் அண்ணே" என்றவள், மூலையில் மின்னிய ஒற்றைப் புள்ளியைக் காட்டினாள். "இதை மட்டும் விட்டுட்டேன். மூக்குத்தியா இருக்குமோன்னு பயம்."